குன்றக்குடி மடம் ஊருக்குள் இறங்கி வந்த வரலாறு

சைவ ஆதீனம் ஒன்றின் தலைமைக்கு வருபவர் எவ்வளவு எளிய மனிதராக இருந்தாலும், அவர் அமரும் பீடம் அவரை எளிமையாக இருக்க விடுவதில்லை. காண வருபவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்க வேண்டும். முன்னிலையில் அமரக் கூடாது. கையால் அளிக்கும் திருநீற்றைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பூசை, கொலு, குருபூசை, தலைவர் பல்லக்கில் வீதியுலா வரும் பட்டினப் பிரவேசம் என்று ஆண்டு முழுவதும் நடக்கும் நிகழ்ச்சிகள் யாவும் அவரை மற்றவர்களிடமிருந்து உயர்த்திக் காட்டும் வகையில் பல தலைமுறைகளாக ஒழுங்கு செய்யப்பட்டவை. அந்த உயர்வு குருமரபுக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று என்பது மடங்கள் தரும் விளக்கம். அதை முற்றிலும் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்த ஒழுங்குக்குள் இருந்துகொண்டு ஒருவர் உண்மையாகவே பணிவோடு வாழ விரும்பினால், இனிமையாகப் பேசுவதும் எளிய உணவு உண்பதும் போதாது. ஒழுங்கிலேயே கை வைத்தாக வேண்டும். குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்தின் 45ஆவது தலைவராக 1952 முதல் 1995 வரை விளங்கிய தவத்திரு குன்றக்குடி அடிகளாரின் கருணையையும் பணிவையும் இப்படிப் பார்க்கும்போதுதான் அவற்றின் முழு அளவு நமக்குப் பிடிபடுகிறது.

காரைக்குடிக்கு மேற்கே, பிள்ளையார்பட்டிக்கு அண்மையில் இருக்கிறது குன்றக்குடி. மலைமேல் ஆறுமுகங்களோடு மயில்மீது அமர்ந்த சண்முகநாதர், மலையடியில் பாண்டியர் காலக் குடைவரை, ஊருக்குள் மடம். மருது சகோதரர்கள் திருப்பணி செய்த கோயில் இது. செட்டிநாட்டு மக்கள் காவடி எடுத்து வரும் முதன்மையான முருகன் தலங்களில் ஒன்று. சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமாகிய பிரான்மலையும், திருப்புத்தூர்த் திருத்தளிநாதர் கோயிலும் இவ்வாதீனத்தின் நிருவாகத்துக்கு உட்பட்டவை. ஆக, நகரத்தார் ஊர்களுக்கு நடுவே, கோயில்களும் நிலங்களும், பூசைக்கென எழுதிவைத்த கட்டளைகளும் கொண்ட ஒரு பழைய நிறுவனத்தின் பொறுப்புத்தான் அடிகளாரின் கைக்கு வந்தது.

இந்த மண்ணில் தருமத்துக்குப் பஞ்சமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்ற நகரத்தார், தங்கள் கணக்குப் புத்தகத்திலேயே மகமை என்று ஒரு பங்கைத் தருமத்துக்காக ஒதுக்கினர். கோயில் திருப்பணி, சத்திரம், ஊருணி, பாடசாலை, அன்னதானம் ஆகியவை அந்தப் பங்கிலிருந்து நடந்தன. கொடுப்பதை மனநிலைக்கு விட்டுவிடாமல் கணக்குக்குள் கொண்டுவந்த சமூகம் அது. பின்னர் வந்த பெருங்கொடைகளுக்கும், 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், 1947இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரிக்கும் இந்தப் பழக்கமே அடித்தளம். ஆனால் அதே நிலப்பரப்பில்தான், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. அவர்கள் பொன் வெள்ளி நகை அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, குடையும் செருப்பும் பயன்படுத்தக் கூடாது என்று அவை நீண்டன. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்ட செய்தி 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கிறது. அன்னதானக் கூடமும் இந்தத் தடைகளும் ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில் இருந்தன. தருமம் வளமாக இருந்த இடத்தில் சமத்துவம் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கு விடை தேடாமல் இங்கே யாரும் கருணையைப் பற்றிப் பேச முடியாது. அடிகளாரின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது என்பது என் கருத்து.

அவர் இந்த ஊர்க்காரர் அல்லர். மயிலாடுதுறைக்கு அருகே நடுத்திட்டு என்னும் சிற்றூரில் 1925 ஜூலை 11 அன்று பிறந்தார். அரங்கநாதன் என்பது இயற்பெயர். சிறுவயதில் சிதம்பரம் வட்டாரத்தில் வளர்ந்தபோது இரண்டு பெரியவர்களின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. ஒருவர் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை, அவரிடம் நாளும் குறள் ஒப்பித்துக் காசு பரிசு பெற்ற சிறுவனுக்குத் திருக்குறள் வாழ்நாள் துணையாயிற்று. மற்றவர் தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காகச் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நடத்திய சுவாமி சகசானந்தர். தில்லைக் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்ற நந்தனாரின் வரலாற்றைச் சைவர்கள் பக்திப் பெருக்கோடு படிப்பார்கள். அந்த நந்தனாரின் மக்கள் அதே ஊரில் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரில் பார்த்து வளர்ந்தவர் அரங்கநாதன். பின்னாளில் தருமபுரம் ஆதீனத்தில் சேர்ந்து, துறவு பூண்டு, கந்தசாமித் தம்பிரான் ஆனார். அங்கிருந்து குன்றக்குடிக்கு இளவரசாக, அதாவது அடுத்த தலைவராக வரவிருப்பவராக வந்து, 1952இல் தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரியர் என்னும் மரபுப் பெயரோடு தலைமை ஏற்றார். மக்கள் அந்த நீண்ட பெயரை விட்டுவிட்டு அடிகளார் என்றே அழைத்தார்கள். அவரும் அதையே விரும்பினார்.

பொறுப்பேற்றபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தேழு. வந்த வேகத்திலேயே அவர் செய்த மாற்றங்கள் அன்றைய மடத்து உலகில் எளிதாகச் செரிக்கக் கூடியவை அல்ல. மனிதர் தோள்மீது மனிதர் ஏறிச் செல்லும் பல்லக்கு வழக்கத்தைத் தம் ஆதீனத்தில் கைவிட்டார். மடத்துக்கு வருபவரை எதிர்பார்த்து ஒடுக்கம் என்னும் தனியறையில் அமர்ந்திருக்கும் முறையை மாற்றி, தாமே ஊர் ஊராகப் புறப்பட்டார். 1952 ஆகஸ்டில் அருள்நெறித் திருக்கூட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1954இல் அதன் மாநாடு தேவகோட்டையில் கூடியது. கோயிலில் தமிழில் அருச்சனை நடக்க வேண்டும், சாதி பாராட்டாமல் எல்லாரும் வழிபட வேண்டும், திருமுறை படித்தவர் சேரிக்கும் போக வேண்டும் என்பவை அதன் பேச்சாக இருந்தன. வினோபா 1956-57இல் தமிழகத்தில் நடந்து வந்தபோது நிலமுடைய மடத்தின் தலைவரான அடிகளார், நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட அவரது பூதான இயக்கத்துக்குத் துணை நின்றார். பிரான்மலையைப் பாரியின் பறம்பாகக் கொண்டு அங்கே பாரி விழா நடத்தினார். சைவக் கோயிலுக்குப் பெயர்பெற்ற மலையில், முல்லைக்குத் தேர் ஈந்த சங்ககால வேளிர் தலைவனைக் கொண்டாடியதில் ஒரு நோக்கம் இருந்தது: கருணையைச் சமயத்தின் தனிச்சொத்தாக அவர் கருதவில்லை, தமிழ் மரபின் பொதுச்சொத்தாகவே கண்டார்.

இவை எல்லாவற்றையும்விட அவர் பணிவின் தன்மையை எனக்குத் தெளிவாகக் காட்டுவது பெரியாரோடு அவர் கொண்ட உறவு. அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1953இல் பெரியார் பிள்ளையார் உருவங்களை உடைக்கும் போராட்டத்தை நடத்தினார். சைவ உலகம் கொதித்தது. அருள்நெறித் திருக்கூட்டத்தின் மேடைகளில் நாத்திகத்துக்கு எதிரான பேச்சு முழங்கியது. அடிகளாரும் அதில் முன்னணியில் இருந்தார். மடத்துத் தலைவர் ஒருவர் அந்த நிலையிலேயே நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பாராட்டும் குவிந்திருக்கும். ஆனால் இருவரும் சந்தித்துப் பேசினார்கள். பேசிய பிறகு, தீண்டாமையையும் சாதி இழிவையும் எதிர்த்துப் பெரியார் செய்யும் வேலை, அப்பர், திருமூலர் வழிவந்தவர்கள் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை என்ற முடிவுக்கு அடிகளார் வந்தார். கடவுள் உண்டா இல்லையா என்பதில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்த வேறுபாட்டை மறைக்கவோ மழுப்பவோ இருவரும் முயலவும் இல்லை.

பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது மடத்து மரபுப்படி அவருக்குத் திருநீறு அளிக்கப்பட்டதும், அவர் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டதும் தமிழகம் அறிந்த செய்தி. இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெரியாரின் பண்பாட்டைப் புகழ்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புகழ்ச்சி நியாயமானதே. விருந்தாளியாகப் போன இடத்தில் அந்த வீட்டின் முறைக்கு மதிப்பளிக்கும் பெருந்தன்மை அது. ஆனால் நிகழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. தம் வழிபாட்டுப் பொருளை வீதியில் உடைத்தவரை, தம் அடியார்களின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, மடத்தின் உள்ளே அழைத்து மரியாதை செய்வது அடிகளாருக்கு எளிதாக இருந்திருக்காது. சைவர்களிலேயே பலர் அவரை நெறி பிறழ்ந்தவர் என்று பேசினார்கள். தம் தரப்பின் பழியைச் சுமக்கத் துணிவதும் பணிவின் ஒரு வகைதான். எதிர்த்தரப்பின் ஏச்சைப் பொறுத்துக்கொள்வதைவிட அது கடினமானது.

எதிர்ப்பக்கத்தின் வாதத்தைக் கேட்டு, அதில் உள்ள நியாயத்தை எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் அவருடைய பட்டிமண்டபங்களிலும் வெளிப்பட்டது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாளின் மேடையில் நடுவராக அமர்ந்து, இரு அணிகளின் பேச்சையும் முழுதாகக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன அடிகளாரை இப்பகுதியின் மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். எதிர்த்துப் பேசுவதற்கே இடமில்லாத மடத்துச் சூழலிலிருந்து வந்தவர், எதிர்த்துப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மேடையை வளர்த்தார்.

1969இல் அவர் தமிழ்நாட்டுச் சட்ட மேலவையின் உறுப்பினர் ஆனார். 1970இல் அரசு எல்லாச் சாதியினரும் அருச்சகராகலாம் என்ற நோக்கில் சட்டம் கொண்டுவந்தபோது மடத்துத் தலைவர்களிடையே அதை மனமார ஆதரித்த குரல் அவருடையது. வழிபடும் உரிமையோடு நிறுத்தாமல் வழிபாட்டை நடத்தும் உரிமையும் எல்லாருக்கும் வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு, சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைப் பார்த்து வளர்ந்த சிறுவனிடமிருந்து நேராக வருவது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். சைவத் துறவி ஒருவர் பொதுவுடைமை நாட்டைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே கண்டவற்றில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டது உழைப்பையும் உடைமையையும் ஊரார் கூட்டாக ஒழுங்கு செய்யலாம் என்ற எண்ணம். அதற்கு அடித்தளமாகச் சைவத்திலேயே அவருக்கு ஒரு சான்று இருந்தது. கோயிலில் உள்ள இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய மனிதனுக்குப் போய்ச் சேராது. மனிதனுக்குக் கொடுப்பதோ இறைவனுக்கும் போய்ச் சேரும் என்கிறார் திருமூலர். இதை மேடையில் மேற்கோள் காட்டியவர்கள் ஆயிரம் பேர். மடத்தின் நிருவாகக் கொள்கையாக அதை மாற்ற முயன்றவர் அடிகளார்.

அப்படி உருவானதுதான் குன்றக்குடி கிராமத் திட்டம். ஏழைக்குச் சோறு போடுவதைவிட அவர் ஏழையாக இருப்பதற்கான காரணத்தைத் தேடுவதே அருள்நெறி என்பது அதன் தொடக்கப் புள்ளி. ஊரில் என்ன வளம் இருக்கிறது, எத்தனை கைகள் வேலையின்றி இருக்கின்றன, மழை பொய்த்தால் கண்மாய்ப் பாசனம் என்னவாகிறது, ஊருக்கு வெளியேயிருந்து வாங்கும் பொருள்களில் எவற்றை ஊரிலேயே செய்யலாம் என்பவற்றை எண்ணிப் பார்த்துத் திட்டமிடும் குழு ஒன்று அமைந்தது. கூட்டுறவுச் சங்கங்களும் சிறு தொழிற்கூடங்களும் தொடங்கப்பட்டன. பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிலையம் அது. அதன் அறிவியலாளர்களை அடிகளார் ஊருக்குள் அழைத்து வந்தார். ஆய்வகத்தில் கண்டறிந்தது கிராமத்துக் குடிசைத் தொழிலுக்கு எப்படிப் பயன்படும் என்ற உரையாடல் மடத்தின் முன்முயற்சியில் நடந்தது. இந்திய அரசின் திட்டக் குழுவே இதைக் கவனித்து, குன்றக்குடி மாதிரி என்ற பெயரில் பேசியது. அறிவியலைத் தமிழில் மக்களுக்கு எடுத்துச் சென்ற பணிக்காக 1991இல் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. சமயத் தலைவர் ஒருவருக்கு அறிவியல் பரப்பியதற்காக விருது கிடைப்பது அடிக்கடி நடப்பதன்று.

மகமையோடு இந்தத் திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் புதுமை விளங்கும். மகமையில் கொடுப்பவர் வணிகர். பெறுபவர் கோயிலும் ஊரும். கணக்கு நேர்மையானது, கை தாராளமானது. ஆனால் பெற்றவர் அடுத்த ஆண்டும் பெறுபவராகவே இருப்பார். வெளிநாட்டு வணிகம் சரிந்தால் தருமமும் சுருங்கும். 1942இல் சப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோதும், அறுபதுகளில் அங்கே தொழில்கள் அரசுடைமையானபோதும் செட்டிநாடு அந்தச் சரிவைக் கண்ணால் கண்டது. கூட்டுறவில் பெறுபவரே உறுப்பினர். அவருக்குப் பங்கு உண்டு, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. மடத்துத் தலைவர் முன்னால் அமரக் கூடாது என்ற மரபுள்ள ஊரில், அதே தலைவர் அமைத்த சங்கத்தில் உழைப்பாளி உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம் என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். கருணையும் பணிவும் இங்கே இரு தனிக் குணங்களாக நிற்கவில்லை. கொடுப்பவரின் உயரம் குறையாமல் பெறுபவரின் தாழ்வு நீங்காது என்பதை அறிந்து, இரண்டையும் ஒரே ஏற்பாட்டுக்குள் அவர் கொண்டுவந்தார்.

1982இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. மார்ச் 1 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கடலோர மீனவ ஊர்களும் உள்நாட்டு ஊர்களும் ஒன்றையொன்று அஞ்சி ஒடுங்கின. அடிகளார் அங்கே போனார். காவி உடுத்த சைவத் துறவி, கிறித்தவ மீனவர்களின் குப்பங்களுக்குச் சென்று அவர்களின் துயரைக் கேட்டதும், பிற சமயத் தலைவர்களோடு சேர்ந்து இருதரப்பு மக்களையும் சந்தித்ததும் அந்நாளில் பெரிய துணிவு. அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது திருவருட் பேரவை. சைவ, கிறித்தவ, இசுலாமியப் பெரியவர்கள் ஒன்றாக அமர்ந்து பேசும் அமைப்பு அது; கலவரம் வந்தபின் ஓடுவதற்குப் பதில், வருமுன் பழகியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கருணை திடீரென்று பொங்கினால் போதாது, அதற்கு நிலையான அமைப்பு வேண்டும் என்ற அதே சிந்தனையே இங்கேயும் செயல்பட்டது.

குறைகளும் சொல்லப்பட்டன; அவற்றை விட்டுவிட்டால் இந்த விளக்கம் நேர்மையானதாகாது. திருமுறையும் சித்தாந்தமும் பேச வேண்டியவர் கூட்டுறவும் அரசியலும் பேசுகிறார் என்று மரபுச் சைவர்கள் வருந்தினார்கள். என் கடன் பணி செய்து கிடப்பதே என்ற அப்பர், கையில் உழவாரத்தோடு கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கியவர் என்பதை நினைத்தால் இந்த வருத்தத்துக்கு வலுவில்லை. மற்றொரு குறை கனமானது. இவ்வளவு செய்தவர் பீடத்தைத் துறக்கவில்லை. மடத்தின் வாரிசு முறையும் குருமரபும் அப்படியே தொடர்ந்தன. சமத்துவம் பேசியவரின் குரலுக்கு எடை கொடுத்ததே சமத்துவமில்லாத அந்தப் பீடந்தான் என்று பகுத்தறிவாளர்கள் கேட்டார்கள். இது உண்மை. அடிகளார் பீடத்தின் அதிகாரத்தை உடைக்கவில்லை. அதை வேறு திசைக்குத் திருப்பினார். கூட்டுறவு அதிகாரிகளும் ஆய்வாளர்களும் அமைச்சர்களும் குன்றக்குடிக்கு வந்தது, அழைத்தவர் மகாசந்நிதானம் எனப்படும் ஆதீனத் தலைவர் என்பதாலும்தான். ஒரு மனிதரின் செல்வாக்கைச் சார்ந்து எழுந்த திட்டத்துக்கு அதுவே பலமாகவும் பலவீனமாகவும் அமைவது இயல்பு. பிற ஊர்கள் குன்றக்குடியைப் பார்த்துச் செல்ல முடிந்தது. குன்றக்குடிக்குக் கிடைத்த தலைவரைக் கொண்டு செல்ல முடியவில்லை. குன்றக்குடி மாதிரி என்று பெயர் பெற்றது தமிழகம் முழுவதும் பரவாமல் போனதற்கு இதையே முதற்காரணமாக நான் காண்கிறேன்.

ஆயினும் பீடத்தைத் துறந்து தனித் துறவியாக வெளியேறியிருந்தால் அவருக்குப் புகழ் கூடியிருக்கலாம். மடத்தின் கோயில்களும் நிலமும் பழைய வழியிலேயே போயிருக்கும். உள்ளே இருந்து மாற்றுவதில் புகழ் குறைவு, பழி அதிகம், முடிவு எப்போதும் அரைகுறை. அதை அறிந்தே அவர் அந்த வழியைத் தேர்ந்தார். தமிழக அரசு 1986இல் திருவள்ளுவர் விருதை ஏற்படுத்தியபோது முதலில் அதைப் பெற்றவர் அவரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1989இல் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

1995 ஏப்ரல் 15 அன்று அடிகளார் மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பொன்னம்பல அடிகளார் கல்விப் பணியையும், திருக்குறள் பணியையும், சமய நல்லிணக்கப் பணியையும் தொடர்ந்து நடத்தி வருகிறார். திருவருட் பேரவை இன்றும் தமிழகத்தின் பல ஊர்களில் இயங்குகிறது. ஊரில் பதற்றம் எழும்போது அழைக்கப்படுபவர்களாக, பொங்கலுக்கும் ரம்சானுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஒருவர் மேடைக்கு ஒருவர் செல்பவர்களாக அதன் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.